தேசங்களை அறிவோம்: எத்தியோப்பியா

அன்பான தம்பி தங்கையரே!

இம்மாதம் நாம் அறிந்துகொள்ளப் போகும் தேசம் எத்தியோப்பியா. உங்கள் அட்லசில் ஆப்பிரிக்காவின் படம் உள்ள பக்கத்தைத் திறந்துகொள்ளுங்கள். தமிழ் வாசிக்க இன்னும் பழகாத சிறு பிள்ளைகளுக்குத் தாயோ தகப்பனோ இதை உரக்க வாசித்துக் காட்டலாம்.

முதலில் ஒரு சிறு வேலை. "எத்தியோப்பியா என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வருகிறது?" என்று வீட்டிலுள்ள பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலோர் "பஞ்சம்" என்றே கூறுவர். 1984, 1985 ஆண்டுகளில் எலும்பும் தோலுமான எத்தியோப்பியக் குழந்தைகளின் படங்கள் உலகமெங்கும் செய்தித்தாள்களிலும் தொலைக்காட்சியிலும் வெளிவந்தன. அவை உண்மையான படங்களே. எனினும் இரண்டாயிரம் ஆண்டு வரலாறு உடைய ஒரு தேசத்தின் இரண்டே ஆண்டுகளை மட்டும் அவை காட்டின. அந்த ஒரு படத்தை வைத்துக்கொண்டே ஒரு தேசத்து மக்கள் யாவரையும் நாம் அளந்துவிடலாமா?

மும்பையிலும் டில்லியிலும் வளரும் உங்களுக்கு இது நன்றாகவே புரியும். தமிழர், மலையாளி, கன்னடர், தெலுங்கர் எல்லோரையும் 'மதராசி' என்ற ஒரே சொல்லால் அழைப்பவர்களைக் கேட்டிருப்பீர்கள். அப்போது நம் மனம் நோகிறது. அவ்வாறு நொந்த நாமே, 54 தேசங்கள் அடங்கிய ஆப்பிரிக்கக் கண்டத்தை ஒரே தேசம்போல எண்ணிப் பேசுகிறோம். ஆகவே ஒரு தேசத்தையாவது சற்று நின்று பார்ப்போம், வாருங்கள்.

நிலமும் நீரும்

ஆப்பிரிக்காவின் கிழக்கே காண்டாமிருகத்தின் கொம்புபோல் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியைக் கண்டீர்களா? அதன் உட்புறத்தில் இருப்பதே எத்தியோப்பியா. வடக்கே எரித்திரியா, கிழக்கே ஜிபூத்தியும் சோமாலியாவும், தெற்கே கென்யா, மேற்கே சூடானும் தெற்கு சூடானும் உள்ளன. பரப்பளவு ஏறக்குறைய 11 லட்சம் சதுர கிலோமீட்டர், அதாவது நம் இந்தியாவில் மூன்றில் ஒரு பங்கு. மக்கள் தொகை 12 கோடிக்கு மேல். ஆப்பிரிக்காவில் நைஜீரியாவுக்கு அடுத்தபடியாக மிகுந்த மக்கள் வாழும் தேசம் இதுவே. 1993-ல் எரித்திரியா தனி நாடாகப் பிரிந்தபின் இதற்குக் கடற்கரை இல்லாமற்போயிற்று.

ஆப்பிரிக்கா என்றாலே கொதிக்கும் பாலைவனம் என்று நினைக்கிறோம் அல்லவா? எத்தியோப்பியாவின் நடுப்பகுதி உயர்ந்த மலைநாடு. தலைநகரமாகிய அடிஸ் அபாபா நம் உதகமண்டலத்தைக் காட்டிலும் சற்று உயரத்தில், கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 2,300 மீட்டரில் இருக்கிறது. அப்பெயருக்கு 'புதிய மலர்' என்று பொருள். வடக்கேயுள்ள ராஸ் டஷென் சிகரம் 4,500 மீட்டருக்கு மேல் உயர்ந்தது. அதே தேசத்தின் வடகிழக்கில் தனாகில் பள்ளம் கடல் மட்டத்திற்கும் 100 மீட்டருக்கு மேல் தாழ்ந்து கிடக்கிறது. உலகிலேயே மிகுந்த வெப்பமுள்ள இடங்களுள் அதுவும் ஒன்று. அங்கே அஃபார் இன மக்கள் உப்புப் பாளங்களை வெட்டி ஒட்டகங்களின்மேல் ஏற்றிச் செல்வர்.

இம்மலைநாட்டிலுள்ள தானா ஏரியிலிருந்து நீல நைல் புறப்படுகிறது. அது சூடானின் தலைநகரமான கார்ட்டூமில் வெள்ளை நைலோடு கலந்து எகிப்துக்குப் போகிறது. எகிப்தைச் சென்றடையும் நைல் நீரில் 80 விழுக்காட்டிற்கும் மேலானது எத்தியோப்பிய மலைகளில் பெய்த மழையே. குழந்தை மோசே வைக்கப்பட்டிருந்த நாணற்பெட்டியைச் சுற்றி ஓடிய நீரிலும் இம்மலைகளின் மழை இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்! நீல நைலின் குறுக்கே 2011-ல் கட்டத் தொடங்கிய பேரணை 2025 செப்டம்பரில் திறக்கப்பட்டது. எத்தியோப்பியாவின் சாதாரண மக்களும் கடன்பத்திரங்கள் வாங்கி அதற்குப் பணம் கொடுத்தனர். தங்களுக்கு வரும் நீர் குறைந்துவிடுமோ என்ற அச்சம் எகிப்துக்கு உண்டு. காவிரியை அறிந்த நமக்கு இந்த வழக்கு புதிதன்று.

மக்களும் எழுத்தும்

எத்தியோப்பியாவில் 80-க்கும் மேற்பட்ட மொழிகள் பேசப்படுகின்றன. ஒரோமோ மக்கள் எண்ணிக்கையில் மிகுந்தவர்கள். அம்ஹாரா, சோமாலி, திக்ராய், சிதாமா, அஃபார் எனப் பல இனத்தாரும் வாழ்கின்றனர். அரசு அலுவல்களில் நெடுங்காலம் வழங்கிவருவது அம்ஹாரிக் மொழி.

அம்ஹாரிக்கை எழுதும் முறை தமிழ்ப் பிள்ளைகளாகிய உங்களுக்கு வியப்பளிக்கும். நாம் க, கா, கி, கீ என்று ஒரே மெய்யோடு வெவ்வேறு உயிர்களைச் சேர்த்து எழுதுகிறோம் அல்லவா? அவர்களும் ஒவ்வொரு மெய்யெழுத்தின் வடிவத்திலும் சிறு கோட்டையோ வளையத்தையோ சேர்த்து, ஏழு உயிர்களுக்கும் ஏழு வடிவங்களாக எழுதுகின்றனர். எத்தியோப்பியச் சிறுவர்களும் நம்மைப்போலவே வரிசை வரிசையாய் ஒப்பித்து இதைக் கற்கின்றனர். இவ்வெழுத்து முறை சுமார் 1,600 ஆண்டுகளுக்கும் மேலாக வழக்கில் உள்ளது. முதலில் கீயஸ் என்னும் பழைய மொழிக்காகத் தோன்றியது. கீயஸ் இப்போது பேச்சு வழக்கில் இல்லை. ஆயினும் பழமையான ஆர்த்தடாக்ஸ் சபையின் வழிபாட்டில் இன்றும் ஒலிக்கிறது. ஒரோமோ மொழியோ 1991-க்குப் பின் ஆங்கில எழுத்துக்களிலேயே எழுதப்பட்டு வருகிறது.

பதின்மூன்று மாதங்கள்

அவர்களுடைய ஆண்டுக்குப் பதின்மூன்று மாதங்கள்! பன்னிரண்டு மாதங்களுக்கு 30 நாட்கள் வீதமும், கடைசி மாதத்திற்கு 5 அல்லது 6 நாட்களும் உண்டு. புத்தாண்டு செப்டம்பர் 11 அல்லது 12-ல் பிறக்கும். நம்முடைய ஆண்டுக் கணக்கைவிட அவர்கள் கணக்கு 7 அல்லது 8 ஆண்டுகள் பின்தங்கியது. ஆகவே 2000-ஆம் ஆண்டின் பிறப்பை அவர்கள் 2007 செப்டம்பரில்தான் கொண்டாடினர். கிறிஸ்து பிறப்புப் பண்டிகை ஜனவரி 7-ல் வருகிறது. மணிக்கணக்கையும் விடியலிலிருந்தே தொடங்குவர். நமக்குக் காலை ஏழு மணி என்றால் அவர்களுக்கு ஒரு மணி. சூரிய உதயத்திலிருந்து நாழிகை எண்ணிய நம் முன்னோருக்கு இது விளங்கியிருக்கும்.

தோசைபோல் ஓர் உணவு

டெஃப் என்பது கடுகைக் காட்டிலும் சிறிய ஒரு தானியம். அதை அரைத்துக் கரைத்து, சில நாட்கள் புளிக்கவைத்து, அகன்ற மண்கல்லில் ஊற்றிச் சுடுவர். நம் தோசை மாவு பொங்குவதுபோல் அதுவும் பொங்கும். அதற்கு இஞ்செரா என்று பெயர். அதன்மேல் பருப்புக் குழம்பும் இறைச்சிக் குழம்பும் ஊற்றி, குடும்பத்தார் யாவரும் ஒரே தட்டைச் சூழ்ந்து கையால் உண்பர். ஒருவர் ஒரு கவளம் எடுத்து மற்றவர் வாயில் ஊட்டுவது அங்கே அன்பின் அடையாளம்.

உங்கள் வீட்டில் காலையில் மணக்கும் பில்டர் காப்பிக்கும் இத்தேசமே பூர்வீகம். எத்தியோப்பியாவின் தென்மேற்குக் காடுகளில் காப்பிச் செடி தானாகவே வளர்கிறது. அங்கிருந்து யேமனுக்குச் சென்றது. யேமனிலிருந்து பாபா புதன் என்னும் யாத்திரிகர் அதன் விதைகளைக் கர்நாடகத்தின் சிக்கமகளூர் மலைக்குக் கொண்டுவந்ததாகச் சொல்வர். எத்தியோப்பியர் விருந்தினர் முன்பாகவே கொட்டையை வறுத்து, இடித்து, கொதிக்கவைத்து மூன்று முறை பரிமாறுவர். மூன்றாம் கோப்பைக்குமுன் எழுந்துபோவது மரியாதையன்று.

பழைய இராஜ்யம்

வேதாகமத்தில் எத்தியோப்பியர் பல இடங்களில் வருகிறார்கள். துரவிலே கிடந்த எரேமியாவைக் கந்தைத் துணிகளையும் கயிற்றையும் இறக்கித் தூக்கிவிட்ட எபெத்மெலேக் ஓர் எத்தியோப்பியன். பிலிப்புவைத் தன் இரதத்தில் ஏற்றிக்கொண்ட மந்திரியும் எத்தியோப்பியனே. ஆனால் அக்காலத்தில் அப்பெயர் கூஷ் என்னும் தேசத்தைக் குறித்தது. அது பெரும்பாலும் இன்றைய சூடானின் வடபகுதி. இன்றைய எத்தியோப்பியாவின் வடக்கே அக்சும் என்ற வேறோர் இராஜ்யம் எழுந்தது. அதன் கப்பல்கள் செங்கடலிலும் இந்தியப் பெருங்கடலிலும் வாணிபம் செய்தன. நம் வடநாட்டில் ஆண்ட குஷான அரசர்களின் பொற்காசுகள் எத்தியோப்பியாவில் கிடைத்துள்ளன.

நான்காம் நூற்றாண்டில் அக்சுமின் அரசன் ஏசானா கிறிஸ்தவன் ஆனான். தன் காசுகளில் சிலுவையைப் பொறித்தான். இங்கிலாந்தின் அரசர்களுக்கு இருநூறு ஆண்டுகளுக்கும் மேல் முந்தியவன் இவன். ஏழாம் நூற்றாண்டில் மெக்காவில் துன்புறுத்தப்பட்ட முதல் முஸ்லிம்கள் அடைக்கலம் தேடி வந்தபோது, அக்சுமின் கிறிஸ்தவ அரசன் அவர்களை ஒப்புக்கொடுக்க மறுத்துக் காப்பாற்றினான் என்று இஸ்லாமிய மரபு நன்றியோடு கூறுகிறது. இன்று எத்தியோப்பியரில் மூன்றில் ஒரு பங்கினர் முஸ்லிம்கள்.

பின்னர் லாலிபெலா என்னும் ஊரில், 12, 13-ஆம் நூற்றாண்டுகளில், 11 தேவாலயங்களைப் பாறையிலே குடைந்தனர். கல்லை அடுக்கிக் கட்டாமல், மேலிருந்து கீழாக ஒரே பாறையைச் செதுக்கியே சுவரும் தூணும் சாளரமும் உண்டாக்கினர். எல்லோராவில் கைலாசநாதர் ஆலயத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த வேலை எவ்வளவு கடினம் என்பது தெரியும்.

ஒரு சொல்லால் வந்த போர்

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பிய அரசுகள் ஆப்பிரிக்காவைத் துண்டு துண்டாகப் பங்கிட்டுக்கொண்டன. 1889-ல் பேரரசர் இரண்டாம் மெனெலிக் இத்தாலியோடு ஓர் உடன்படிக்கை செய்தார். அது அம்ஹாரிக்கிலும் இத்தாலியிலும் எழுதப்பட்டது. வெளிநாடுகளோடு பேசுவதற்கு இத்தாலியின் உதவியை எத்தியோப்பியா 'நாடலாம்' என்றது அம்ஹாரிக் படி. 'நாடவேண்டும்' என்ற பொருளில் இருந்தது இத்தாலியப் படி. அந்த ஒரு சொல்லைக் கொண்டு, எத்தியோப்பியா தன் பாதுகாப்பில் உள்ள நாடு என்று இத்தாலி உலகுக்கு அறிவித்தது. தம் மொழியில் தாம் கையொப்பமிட்டது எது என்பதை மெனெலிக் அறிந்திருந்தார். உடன்படிக்கையைத் தள்ளிவிட்டார்.

இத்தாலி படையெடுத்தது. பேரரசி தாய்து தாமும் படையுடன் போர்முனைக்குச் சென்றார். இத்தாலியர் இருந்த ஒரு கோட்டைக்குப் போகும் தண்ணீரைத் தடுக்கும்படி ஆலோசனை சொன்னவர் அவரே. 1896 மார்ச் 1 அன்று அத்வா என்னுமிடத்தில் இத்தாலியப் படை முற்றிலும் தோற்றது. 1914-ஆம் ஆண்டில் ஆப்பிரிக்காவில் ஐரோப்பியர் ஆளாத தேசங்கள் எத்தியோப்பியாவும் லைபீரியாவும் மட்டுமே.

நாற்பது ஆண்டுகள் கழிந்தன. 1935-ல் முசோலினியின் படை, விமானங்களோடும் நச்சுவாயுவோடும் மறுபடியும் வந்தது. பேரரசர் ஹைலே செலாசி 1936 ஜூனில் ஜெனீவாவிலுள்ள சர்வதேச சங்கத்தின் முன் நின்று, தம் மொழியிலேயே பேசி நியாயம் கேட்டார். சங்கம் கைவிட்டது. 1937-ல் அக்சுமிலிருந்த 24 மீட்டர் உயரமுள்ள பழங்காலக் கல்தூண் ஒன்றை இத்தாலியர் எடுத்துச் சென்று ரோம் நகரில் நிறுத்தினர். 1941-ல் எத்தியோப்பிய வீரரும் பிரிட்டிஷ் படையினரும் சேர்ந்து இத்தாலியரைத் துரத்தினர். அப்போரில் இந்தியப் படைப்பிரிவுகள் இரண்டு முன்னணியில் நின்றன.

தேசம் விடுதலை பெற்றும் தூண் ரோமிலேயே இருந்தது. 1960-ல் அந்நகரில் ஒலிம்பிக் போட்டி நடந்தது. மரத்தான் ஓட்டத்தில் அபேபே பிகிலா என்ற எத்தியோப்பிய வீரர் காலணியின்றி ஓடினார். அந்தத் தூண் நின்ற வழியே ஓடி, 2 மணி 15 நிமிடம் 16 விநாடியில் முதல்வராக வந்து புதிய உலக சாதனை படைத்தார். 2005-ல் தூண் மூன்று துண்டுகளாக விமானத்தில் அக்சுமுக்குத் திரும்பியது. 2008-ல் பழைய இடத்தில் மீண்டும் நிறுத்தப்பட்டது.

பஞ்சம் ஏன் வந்தது?

இப்போது அந்தப் பஞ்சப் படத்திற்குத் திரும்புவோம். மழை பொய்த்தது உண்மை. மழை பொய்த்த தேசங்கள் எல்லாவற்றிலும் மக்கள் பட்டினியால் சாவதில்லையே!

1973-ல் வொல்லோ மாகாணத்தில் ஒரு பஞ்சம் உண்டாயிற்று. இதை ஆராய்ந்தவர் நம் நாட்டுப் பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென். அவர் சிறுவனாய் இருந்தபோது 1943-ன் வங்கப் பஞ்சத்தைக் கண்ணால் கண்டவர். தேசம் முழுவதிலும் தானியம் பெரிதாகக் குறையவில்லை என்றும், வொல்லோவின் ஏழைகளிடம் அதை வாங்கும் வழி இல்லாமற்போயிற்று என்றும், அங்கிருந்தே தானியம் வெளியூருக்குச் சென்றது என்றும் அவர் எடுத்துக்காட்டினார். அரசு அப்பஞ்சத்தை மறைக்கப் பார்த்தது. மக்கள் கோபம் மூண்டது. 1974-ல் பேரரசரை நீக்கி இராணுவம் ஆட்சியைப் பிடித்தது.

மெங்கிஸ்து ஹைலே மரியாம் தலைமையில் அந்த ஆட்சி கொடியதாய் மாறிற்று. ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டனர். பல சபைகள் மூடப்பட்டன. மெக்கானே யேசுஸ் லூத்தரன் சபையின் பொதுச் செயலாளர் குதினா தும்சா 1979-ல் கடத்திக் கொல்லப்பட்டார். வடக்கே நெடுநாள் உள்நாட்டுப் போர் நடந்தது. அந்தப் போரின் நடுவில்தான் 1983 முதல் 1985 வரை மழையும் பொய்த்தது. சாலைகள் அடைபட்டன, உழவர் ஊர்விட்டு ஊர் துரத்தப்பட்டனர், உணவே போர்க்கருவி ஆயிற்று. இறந்தவர்கள் 4 லட்சம் முதல் 10 லட்சம் வரை என மதிப்பிடுகின்றனர். வானம் செய்ததைவிட மனிதர் செய்த தீங்கே பெரிது.

1991-ல் அந்த ஆட்சி வீழ்ந்தது. எரித்திரியாவோடு சமாதானம் செய்ததற்காகப் பிரதமர் அபிய் அகமது 2019-ல் நோபல் சமாதானப் பரிசு பெற்றார். மறு ஆண்டே திக்ராய் பகுதியில் கொடிய போர் மூண்டது. 2022 நவம்பரில்தான் ஒப்பந்தம் ஏற்பட்டது. பரிசு பெற்ற கையாலும் சமாதானத்தைக் காப்பது எளிதாக இல்லை.

நம் நடுவே எத்தியோப்பியர்

எத்தியோப்பியரின் வரலாறு நம் மண்ணிலும் உண்டு. 16-ஆம் நூற்றாண்டில் எத்தியோப்பியாவில் பிறந்து, அடிமையாய் விற்கப்பட்டுத் தக்காணத்திற்கு வந்த சிறுவன் ஒருவன், பின்னாளில் அகமதுநகர் அரசின் மந்திரியானான். அவன் பெயர் மாலிக் அம்பர். முகலாயப் படைகளைப் பல ஆண்டுகள் தடுத்து நிறுத்தினான். 1610-ல் கட்கி என்ற நகரை உண்டாக்கி, நிலத்தடிக் கால்வாய்களால் அதற்குத் தண்ணீர் கொண்டுவந்தான். பிற்காலத்தில் ஔரங்காபாத் என்று வழங்கிய அந்நகரின் இன்றைய பெயர் சத்ரபதி சம்பாஜிநகர். மும்பைக்குத் தெற்கே கடலுக்குள் நிற்கும் ஜஞ்சிரா கோட்டையை ஆண்டவர்களும் ஆப்பிரிக்க வழிவந்த சித்திகளே. குஜராத்திலும் கர்நாடகத்திலும் சித்தி மக்கள் இன்றும் நம் நாட்டுக் குடிகளாய் வாழ்கின்றனர்.

பெங்களூரிலும் புனேயிலும் டில்லியிலும் ஆப்பிரிக்க மாணவர்கள் படிக்கிறார்கள். நம் நகரங்களில் அவர்கள் ஏளனம் செய்யப்பட்டதும், வீடு மறுக்கப்பட்டதும், அடிக்கப்பட்டதும் செய்தியாய் வந்ததுண்டு. தோலின் நிறத்தைச் சொல்லி அழைக்கும் சொற்கள் உங்கள் வாயில் வரவேண்டாம். நம் வீடுகளில் பெரியவர்கள் அப்படிப் பேசினால், "அவர் எந்த தேசத்தவர் அப்பா?" என்று பணிவோடு கேளுங்கள். அவரிடமே கேட்டால் இன்னும் நல்லது. எத்தியோப்பியர் என்று தெரிந்தால் "செலாம்" என்று சொல்லுங்கள். சமாதானம் என்று அதற்குப் பொருள். எபிரெயரின் 'ஷாலோம்' என்ற சொல்லுக்கு அது உறவு. பின் அவர் பெயரை எழுதிக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் பெயரைத் தமிழில் எழுதிக் கொடுங்கள்.

பதில் தேடுங்கள்

1. எத்தியோப்பியர் 2000-ஆம் ஆண்டை எப்போது கொண்டாடினர்?
2. அம்ஹாரிக் எழுத்துக்கும் தமிழ் எழுத்துக்கும் உள்ள ஒற்றுமை என்ன?
3. 1889-ன் உடன்படிக்கையில் எந்தச் சொல் மாறியிருந்தது?
4. அக்சும் தூண் எத்தனை ஆண்டுகள் அந்நிய மண்ணில் இருந்தது?
5. மழை பொய்த்தும் பஞ்சம் வராமல் காக்க ஓர் அரசு என்னென்ன செய்யலாம்? இதைப் பெற்றோருடன் கலந்து பேசுங்கள்.

அடுத்த மாதம் வேறொரு தேசத்தில் சந்திப்போம். அதுவரை, செலாம்!

உங்கள் அன்பு அண்ணன்